இடது இல்லை, வலது கொஞ்சம்

"உனக்கு எதைச் சொன்னாலும் காதுல ஏறவே ஏறாது, வத்சலா. இனிமே நான் சொல்றதா இல்லை."

இதேதாங்க. ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. இன்னைக்குக் காலையில ஏழரை மணிக்கு, இட்லித் தட்டைக் கையில வெச்சுக்கிட்டு, என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, வாயை இவ்வளவு பெரிசாத் திறந்து சொன்னார். காதுல ஏறாதாம்! முப்பத்தோரு வருஷமா அவர் சொன்னது, அவங்க அம்மா சொன்னது, கரூர்ல இருக்கற அவங்க அக்கா சொன்னது எல்லாத்தையும் ஏத்தி ஏத்தித்தானே இந்தக் காது இப்படித் தொங்கிப் போயிருக்கு? நான் என்ன சொன்ன பேச்சுக் கேட்காதவளா?

உட்காருங்க, உட்காருங்க, அந்த நாற்காலி காலிதான். இந்தப் பக்கத்து நாற்காலியில என் பை இருக்கு. அதை எடுக்க மாட்டேன். அதுல நாலு புடவையும் பெங்களூர் ரயில் டிக்கெட்டும் இருக்கு. மக அங்கேதான் இருக்கா. அதோ கவுன்ட்டர்கிட்ட நிக்கிறாரே, சந்தன நிறச் சட்டை, சட்டைப் பையில மூணு பேனா, அவர்தான் என் வீட்டுக்காரர் சபாநாயகம். அவருக்குத்தான் காது காட்ட வந்திருக்கோம். தன் காது சரியில்லைங்கறது அவருக்கே தெரியாது. இந்த வியாதியில அதாங்க பெரிய கஷ்டம்.

நீங்களும் காதுக்குத்தானே? பின்னே, காது டாக்டர்கிட்ட முழங்கால் வலிக்கா வருவாங்க? சரி, நான் சொல்றேன், கேளுங்க.

போன மாசியில ஆரம்பிச்சது. இவர் இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து ஓய்வு வாங்கிக்கிட்டு வீட்ல உட்கார்ந்த நேரம். நான் சாயங்காலம் ரெண்டு சீரியல் பார்ப்பேன். இப்ப வர்ற நடிகைங்களுக்குப் பேசவே தெரியலைங்க. வார்த்தையை மென்னு முழுங்கறாங்க. நான் படிச்சது கான்வென்ட். அங்கே சிஸ்டர் யூஜினியான்னு ஒருத்தங்க, ஸ்கேலால மேஜையைத் தட்டி, "கடைசி பெஞ்சுக்குக் கேக்கலைன்னா நீ பேசவே இல்லைன்னு அர்த்தம்"பாங்க. பேச்சுப் போட்டியில மூணு வருஷம் கப்பு வாங்கினவ நான். க்வயர்ல எவளாவது சுருதியை விட்டா சிஸ்டர் என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. அவ்வளவு கூர்மையான காது. அந்தக் காதை வெச்சுக்கிட்டு இந்த மென்னு முழுங்கறதை எப்படிக் கேக்கறது? டிவி சத்தத்தை அறுபதுல வெச்சேன். அறுபதுலயும் முணுமுணுப்புதான். மாமியார் மருமகளுக்கு விஷம் வெச்சாளா, விசேஷம் வெச்சாளான்னே தெரியலை.

ஒருநாள் வாசக்கதவைத் திறந்தா, கீழ்வீட்டு கோமதிநாயகம் நிக்கிறார். பத்து நிமிஷமா மணி அடிக்கிறாராம். பொய்தான், பத்து நிமிஷம் அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா? "உங்க புண்ணியத்துல நான் டிவியே போடறதில்லைம்மா. தட்டோட உட்கார்ந்தா மேலேர்ந்து கதை முழுசா இறங்கிடுது"ன்னார். பார்த்தீங்களா, இலவசமாக் கதையும் கேட்டுக்கிட்டு, அதை ஒரு குறையாச் சொல்லப் படியேறி வேற வர்றார்.

அன்னைக்குத்தான் இவர் சொன்னார், "உனக்கு வசனம் புரியணும், அவ்வளவுதானே? ஹோம் தியேட்டர் போட்டுடலாம். வசனத்துக்குன்னே நடுவுல தனியா ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பளிச்சுனு கேக்கும்." எனக்காகவாம். ஆம்பளைங்க தனக்கு ஆசையானதை எல்லாம் பொண்டாட்டிக்குன்னு சொல்லித்தானே வாங்குவாங்க? உங்க வீட்டுலயும் அப்படித்தானே?

"முதல்ல ஒரு நல்ல ரிசீவர் பார்க்கணும்"னார். நான், "லேண்ட்லைனைத்தான் எடுத்தாச்சே, இனிமே ரிசீவர் எதுக்கு, தலைகாணியா வெச்சுக்கவா?"ன்னேன். அவர் சொன்ன ரிசீவர் போன் ரிசீவர் இல்லையாம். டிவிலேர்ந்து சத்தத்தை வாங்கி, பெரிசாக்கி, எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் குடுக்கற பெட்டியாம். கான்வென்ட்ல படிச்சவளுக்கே அர்த்தம் சொல்றார்! ரிசீவர்னா வாங்கிக்கறவர், ஸ்பீக்கர்னா பேசறவர். இது மூணாங்கிளாஸ்.

அதுக்கப்புறம் பொருத்தம் பார்க்க ஆரம்பிச்சார். கிண்டலுக்குச் சொல்லலைங்க, அவர் வாயிலேர்ந்து வந்த வார்த்தையே அதான். ஒரு கோடு போட்ட தாள்ல கட்டம் போட்டு, இந்தக் கட்டத்துல ரிசீவர், அந்தக் கட்டத்துல ஸ்பீக்கர், நடுவுல நம்பர். தூரத்துலேர்ந்து பார்த்தா எங்க மக ஜாதகம் மாதிரியே இருந்தது. அவளுக்குத்தான் மறுபடியும் பார்க்கறாரோன்னு ஒரு நிமிஷம் பயந்தே போனேன். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சுங்க அவளுக்கு.

நான் கூடத்துல காய் நறுக்கிக்கிட்டே அவரைப் பார்க்கறேன். தாளைப் பார்த்துக்கிட்டே, "விட்டுடுவோம்"னார்.

"நல்லது, விடுங்க. நிம்மதி"ன்னேன்.

"என்னது?"

"விட்டுடுவோம்னீங்களே."

"எட்டு ஓம்!"

"அதைத்தான் நானும் சொல்றேன், விட்டுடுவோம்."

அப்புறம் எழுந்து வந்து தாள்ல எழுதிக் காட்டினார்: எட்டு ஓம். "ஓம்னா சாமிக்கா? எட்டுத் தடவை சொன்னாத்தான் பாட்டு வருமா?"ன்னு கேட்டேன். பொறுமையாத்தான் சொன்னார். அவர்கிட்ட பொறுமை உண்டு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஓம்ங்கறது தடையோட அளவாம். ஸ்பீக்கர்ல தடை கம்மியா இருந்தா அது ரிசீவரைப் போட்டு இழுக்குமாம். ரிசீவரால அவ்வளவு குடுக்க முடியலைன்னா சூடாகிப் படுத்துடுமாம். யார் எவ்வளவு குடுப்பாங்க, யார் எவ்வளவு கேப்பாங்கன்னு முன்னாடியே பார்த்துக்கணுமாம். எங்களுக்குப் பார்த்தப்போ பத்துக்கு ஏழு பொருந்தினது. பொருந்தாத மூணு எதுன்னு எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லலை.

இவ்வளவு பார்த்தவர், கடைசியில கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் ஆசையாக் குடுத்தாரேன்னு ரெண்டு பழைய ஸ்பீக்கரைத் தூக்கிட்டு வந்தார். என் உயரத்துக்குப் பாதி. நாலு ஓம். நான் சீரியலைப் போட்டு, வசனம் புரியலையேன்னு சத்தத்தை ஏத்தினேன், ஏத்தினேன், மருமக வாயைத் திறக்கறா, டப்புனு ரிசீவர் அணைஞ்சு போச்சு. முகப்புல என்னமோ எழுத்து ஓடுது. "தன்னைத்தானே காப்பாத்திக்க அணைச்சுக்கிச்சு"ன்னார். அந்தப் பெட்டிக்கு இருக்கற ரோஷம் எனக்கு முப்பது வருஷம் முன்னாடி இருந்திருக்கணும்.

அப்புறம் எட்டு ஓம் ஸ்பீக்கர் வந்தது. கேக்கலைன்னேன். ரிசீவரை மாத்தி இன்னும் பெரிசா ஒண்ணு வந்தது. கேக்கலைன்னேன். சத்தம் இருக்குங்க, திம் திம்னு தரை அதிருது, கால் வழியா ஏறுது. வார்த்தைதான் இல்லை. மோளத்தை வெச்சுக் கதை சொன்னா எப்படிப் புரியும்?

நீங்க நல்லா தலையாட்டிக் கேக்கறீங்க. குறுக்கே ஒரு வார்த்தை பேசலை பாருங்க. உங்களை மாதிரி ஆள் கிடைக்கறது கஷ்டம்.

அந்தக் குழந்தையைப் பாருங்க, எதிர் வரிசையில. எவ்வளவு சமர்த்து! கண்ணுல தண்ணி ஓடுது, வாய் அகலத் திறந்திருக்கு, ஒரு சத்தம் போடலை.

எங்கே விட்டேன்? சுந்தர். சுந்தர் கதையைச் சொல்லலைல்ல? கரூர் அக்காவோட பையன். ஒரு வியாழக்கிழமை இவர் போன்ல பேசிட்டு, முதுகைக் காட்டிக்கிட்டே சொல்றார், "சுந்தர் நாளைக்குச் சாயங்காலம் வந்துடும்." எனக்குச் சுருக்குனு இருந்தது. சொந்த அக்கா மகனை "வந்துடுவான்"னு சொல்லக்கூடாதா? ஆடு மாடு மாதிரி "வந்துடும்" என்ன "வந்துடும்"? போனாப் போகுதுன்னு, "எங்கே படுக்க வெக்கறது?"ன்னு கேட்டேன். "டிவிக்குக் கீழேதான் வெக்கணும். துணி போட்டு மூடி வெச்சுடு, தூசி ஆகாது"ன்னார். சரி, அந்தப் பையனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தூசி ஆகாது, மூச்சு இழுக்கும். ஞாபகம் வெச்சிருக்காரேன்னு சந்தோஷமாக்கூட இருந்தது.

மறுநாள் டிவிக்குக் கீழே மெத்தை விரிச்சேன். வெளுத்த போர்வை. அவனுக்குப் பிடிச்ச பருப்பு உருண்டைக் குழம்பு வெச்சேன், முப்பது உருண்டை பிடிச்சேன், வாட்டசாட்டமான பையன். சாயங்காலம் ஒரு ஆள் அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்து மெத்தை மேல வெச்சான். "சுந்தர் எங்கே?"ன்னேன். இவர் பெட்டியைக் காட்டி, "இதான்"னார்.

சென்டர்! சென்டர் ஸ்பீக்கராம்! மூணு நாள் உருண்டைக் குழம்பே சாப்பிட்டார். அவரா உச்சரிப்பை ஒழுங்கா வெச்சுக்கிட்டிருந்தா அந்தத் தண்டனை தேவையா? சிஸ்டர் யூஜினியாகிட்ட ஒரே ஒரு வாரம் விட்டிருக்கணும் இவரை.

அந்த சென்டரும் பேசலை. அப்புறம்தான் பரீட்சை வெச்சார். ரிசீவரோட ஒரு குட்டி மைக் குடுத்திருந்தாங்க. நான் உட்கார்ற நாற்காலியில அதை நிக்க வெச்சா, ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரா கூவ விட்டு அதுவே அளந்துக்குமாம். அளந்து எல்லாம் சரின்னு சொல்லிடுச்சு. "மைக்குக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலைங்கறியே"ன்னு என்னை நாற்காலியில உட்கார வெச்சார். "நான் ஒவ்வொண்ணா போடறேன், கேட்டா கையைத் தூக்கு." என் வீட்டுல, என் நாற்காலியில, அம்பத்து நாலு வயசுல நான் கையைத் தூக்கணும். சரி, பாவம்னு உட்கார்ந்தேன். வலது பக்கம் ஏதோ லேசாக் கேட்டது, தூக்கினேன். அப்புறம் ஒண்ணும் இல்லை. அவர் பட்டனை அமுக்கறார், என்னைப் பார்க்கறார். நான் அவரைப் பார்க்கறேன். சுவர்ல பல்லி போகுது.

"இப்போ?"

"போட்டா தூக்க மாட்டேனா?"

"போட்டிருக்கேன் வத்சலா!"

இடது பக்க ஸ்பீக்கர் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் ஜமாலுதீன் தங்கமான மனுஷன், மறுநாளே வந்து மாத்திக் குடுத்தார். அதுவும் செத்தது. மூணாவது மாத்தினார். அதுவும். என் ராசி, எனக்குன்னு வர்ற இடது ஸ்பீக்கர் எல்லாம் செத்துதான் வருது.

மூணாவது தடவை ஜமாலுதீனே என் நாற்காலியில உட்கார்ந்தார். நான் பக்கத்துல பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன். இவர் பட்டனை அமுக்கினார். ஜமாலுதீன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு எழுந்து நிக்கிறார்! ஜன்னல்ல உட்கார்ந்திருந்த புறா எல்லாம் பறந்து போகுது. ரெண்டு நிமிஷத்துல கோமதிநாயகம் கையில அவர் கல்யாண போட்டோவோட படியேறி வர்றார், கண்ணாடி ரெண்டா விரிஞ்சிருக்கு, ஆணியிலேர்ந்து விழுந்துடுச்சாம். நான் பூண்டு உரிக்கிறேன். வீடு அமைதியா இருக்கு. மூணு ஆம்பளைங்க கூடத்துல நின்னுக்கிட்டுக் குதிக்கிறாங்க.

ஜமாலுதீன் எனக்கு எதிர்லதான் நின்னார், அதனால தெளிவாப் புரிஞ்சுது. "ஸ்பீக்கர்ல குறை இல்லை சார். ரிசீவர்லயும் குறை இல்லை. பொருத்தம் எல்லாம் அம்சமா இருக்கு"ன்னார். சொல்லிட்டு என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். கோமதிநாயகம்கூட போட்டோவை இறக்கிட்டு என்னைப் பார்த்தார்.

அப்பத்தாங்க எனக்குப் பொறி தட்டினது. சாமான்ல குறை இல்லைன்னா எதுல குறை? கேக்கற ஆள்ல! நாள் முழுக்க அந்தப் பெட்டிங்க முன்னாடி காதைக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது யார்? இவர்தானே? இல்லாத சத்தம் கேக்குது இவருக்கு. கூட இருக்கறவங்களுக்கும் தொத்திக்குது. இல்லாததைக் கேட்டா அது வியாதிதானே? படிச்சவங்களுக்கு இது புரியணும்.

அன்னைலேர்ந்து மனுஷன் மாறிட்டார். முதுகைக் காட்டிப் பேசறதை விட்டுட்டார். சமையல்கட்டுக்கு வந்து, என் தோளைத் தொட்டு, நான் திரும்பினதுக்கு அப்புறம்தான் பேசறார். மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பேசறார். கல்யாணமான புதுசுலகூட அப்படிப் பார்த்ததில்லைங்க. எனக்கு ஒரு மாதிரி வெட்கமாவே போச்சு, ரெண்டு நாள் பூவெல்லாம் வெச்சுக்கிட்டேன். அடுத்த வாரம் அதுவும் நின்னுபோச்சு, துண்டுச்சீட்டுல எழுத ஆரம்பிச்சார். "காபி போதும்." "குக்கரை இறக்கு, ஆறு விசில் ஆச்சு." ஆறு விசிலாம்! அந்தக் குக்கர் விசிலடிச்சே ஆறு மாசமாச்சு. வெயிட்டை மூணு தடவை மாத்திட்டேன். இல்லாத விசில்கூட இவருக்குக் கேக்குதுன்னா பார்த்துக்குங்க, எவ்வளவு முத்திப் போச்சுன்னு.

அதுவரைக்கும் நான் பொறுத்துக்கிட்டேன். நேத்து சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில அந்தத் தாள் இருந்தது. கட்டம் போட்ட தாள். இதோ, என்கிட்டதான் இருக்கு, படிக்கிறேன். ரிசீவர், சரி. முன் ஸ்பீக்கர், சரி. சென்டர், சரி. எல்லாத்துக்கும் கீழே, அடிக்கோடு போட்டு, "வத்சலா: இடது இல்லை. வலது கொஞ்சம்."

எனக்குப் பொருத்தம் பார்த்திருக்காருங்க! முப்பத்தோரு வருஷம் கழிச்சு, சாமானோட சாமானா என்னையும் கட்டத்துல போட்டு, பொருத்தம் பார்த்து, "இல்லை"ன்னு எழுதியிருக்கார். அந்தப் பெட்டிங்களுக்கு எல்லாம் சரியாம். எனக்குத்தான் இல்லையாம். கொஞ்சமாம். அந்தக் "கொஞ்சம்"தான் என்னைக் கொன்னுடுச்சு. இல்லைன்னே எழுதியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

காலையில சொல்லிட்டேன். "அந்தப் பெட்டிங்க இந்த வீட்டுல இருக்கணும், இல்லை நான் இருக்கணும். எது வேணும்னு சொல்லுங்க." சொன்னார். இட்லித் தட்டோட நின்னு நீளமா என்னென்னமோ சொன்னார். "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நான் கிளம்பறேன்"னு பையை எடுத்தேன். அப்பத்தான் மூஞ்சிக்கு நேரா வந்து அந்த வார்த்தையைச் சொன்னது. சொல்லிட்டு இட்லியை வெச்சுட்டு ஒரு சீட்டு எழுதினார்: "முதல்ல டாக்டர். அப்புறம் உன் இஷ்டம்." பெட்டியெல்லாம் வித்துடறேன்னும் கீழே எழுதியிருந்தார். கண்ணு கலங்கியிருந்தது. வியாதிக்காரரை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வருமா? கூட்டிட்டு வந்தேன். மத்தியானம் ரயில்.

அதுலயும் பாருங்க, டோக்கனை என் பேர்ல போட்டிருக்கார். தன் பேரே மறந்து போச்சு போல. "திருமதி வத்சலா சபாநாயகம், பதினாலு." இந்தச் சீட்டை டாக்டர்கிட்டக் காட்டினாலே போதும், வேற பரிசோதனையே வேண்டாம்.

அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ளே கூட்டிட்டுப் போய், காதுல மாட்டி விட்டு, சத்தம் கேட்டா பட்டனை அமுக்கச் சொல்வாங்களாம், சுவர்ல படம் போட்டிருக்கு. நம்ம வீட்டுல கையைத் தூக்கச் சொன்ன மாதிரிதான். நல்லா மாட்டுவார். இல்லாததுக்கெல்லாம் அமுக்கிக்கிட்டே இருப்பார்.

என்னங்க அந்த நர்ஸ் பொண்ணு, முகமூடி போட்டவ, இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறா? இவரும் அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ளே போக வேண்டியதுதானே? ஏன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டறார்? எல்லாரும் ஏன் திரும்பி... அந்தக் குழந்தையோட அம்மா ஏன் அதைத் தூக்கிக்கிட்டு வெளியே ஓடறா? எல்லாரும் ஏன் நெத்தியைச் சுளிக்கிறாங்க? அது சும்மா வாயைத்தானே திறந்துக்கிட்டு இருந்தது?

மேல அந்த ஃபேன் பாருங்க. எப்படி ஆடுது. ஒரு பக்கம் சாஞ்சு, கழண்டு விழற மாதிரி. எங்க கான்வென்ட் ஹால்ல இப்படி ஒண்ணு இருந்தது. அது போடற சத்தத்துல பிரேயரே கேக்காது. கடக் கடக்னு. இது...

இடது இல்லை. வலது கொஞ்சம்.

இந்தத் தாள்ல வலதுங்கறதுக்குக் கீழே பென்சில்ல வேற என்னமோ எழுதியிருக்கு, நேத்து நான் பார்க்கலை. "வலது பக்கமாப் போய்ப் பேசணும். மெதுவா."

நீங்க எனக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க? இடது. உங்க உதடு அசையுது. இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டா இருந்தீங்க? நான் அந்தப் பக்கம் கவுன்ட்டரையே பார்த்துக்கிட்டு... என்னென்ன சொன்னீங்க?

இருங்க. பையைக் கீழே வெச்சுடறேன். இந்த நாற்காலி காலியாயிடுச்சு பாருங்க. அவர் நிக்கட்டும், ஒரு நிமிஷம் நிப்பார். இப்படி இந்தப் பக்கம் வாங்களேன், வலது பக்கம். வந்து, அந்த ஃபேன் சத்தம் போடுதா இல்லையான்னு, அதை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க.